ஒற்றை உறுப்பினர் கட்சி



ஒரு சட்டமன்ற உறுப்பினரை மட்டும் வைத்திருக்கும் கட்சியால் யாருக்கு என்ன பயன் என்று முன்னாள் மாணவர் ஒருவர் கேட்டிருந்தார். பதில் நம் மதுரை வரலாற்றிலேயே இருக்கிறது.

பீபிகுளம் பக்கம் பி.டி. ராஜன் சாலையில் போகாதவர்கள் நம்மில் குறைவு. உத்தமபாளையத்துக்காரர், ஆக்ஸ்போர்டில் படித்து பாரிஸ்டர் ஆனவர். 1936-ல் நாலரை மாதம் சென்னை மாகாணத்தின் முதலமைச்சராகவும் இருந்தார். அவருடைய கட்சி நீதிக்கட்சி. 1916-ல் தொடங்கி, 1920 தேர்தலில் வென்று ஆட்சிக்கு வந்த கட்சி அது. பெண்களுக்கு வாக்குரிமை, வகுப்புவாரி அரசாணை, கோயில்களைக் கண்காணிக்க அறநிலையச் சட்டம் எல்லாம் அதன் ஆட்சியில் வந்தவை. 1937-ல் காங்கிரசிடம் படுதோல்வி அடைந்தது.

1944-ல் சேலம் மாநாட்டில் பெரியார் அதைத் திராவிடர் கழகம் ஆக்கினார். தேர்தல் வேண்டாம், வெள்ளைக்காரன் கொடுத்த பட்டங்களைத் துறக்க வேண்டும் என்றார். இதை ஏற்காத சிலர் பழைய பெயரிலேயே தனியாக நின்றார்கள். அவர்களுக்குத் தலைமை ஏற்றவர்களில் ராஜனும் ஒருவர்.

1952 பொதுத்தேர்தலில் சென்னை சட்டமன்றத்துக்கு 375 இடங்கள். நீதிக்கட்சி நின்றது ஒன்பதில். வென்றது ஒன்றே ஒன்று. அன்றைய மதுரை மாவட்டத்துக் கம்பம் தொகுதியில் ராஜன்! ஒரு காலத்தில் மாகாணத்தையே ஆண்ட கட்சி, தலைவரின் சொந்த ஊர்ப்பக்கத்து ஒரு தொகுதியில் வந்து நின்றது. 1957-க்குப் பிறகு அது தேர்தலிலேயே இல்லை.

இங்கிலாந்திலும் இப்படி நடந்திருக்கிறது. 1988-ல் லிபரல் கட்சி இன்னொரு கட்சியோடு இணைந்தபோது, ஏற்காத சிலர் மறு ஆண்டே பழைய பெயரில் கட்சியைத் தொடர்ந்தார்கள். அவர்களுக்கும் பாராளுமன்றம் எட்டவில்லை. லிவர்பூல் போன்ற இடங்களில் நகரசபை உறுப்பினர்களே கிடைத்தார்கள். பெயரைக் காப்பாற்றிவிடலாம்; பின்னால் வந்த கூட்டத்தைக் காப்பாற்ற முடிவதில்லை.

ஆனால் ராஜனின் பொதுவாழ்வு கட்சியோடு முடியவில்லை. மீனாட்சியம்மன் கோயில் திருப்பணிக்கு முன்னின்றார்; 1963-ல் குடமுழுக்கு நடந்தது. 'தமிழவேள்' என்று ஊர் அவரை மதித்தது. நீதிக்கட்சி கொண்டுவந்த இடஒதுக்கீட்டுக் கொள்கையும் கோயில் நிர்வாக முறையும், மாற்றங்களோடு இன்றும் நடைமுறையில் உள்ளன.

ஆகவே, ஒரு கட்சியை அதன் இடங்களை மட்டும் எண்ணி எடை போடாதீர்கள். ஆட்சியில் இருந்தபோது எதைச் செய்தது, ஆட்சி போன பிறகு அதில் எது நின்றது என்று பாருங்கள்.

கம்பம், உத்தமபாளையம் பக்கத்து உறவினர்களே, 1952 தேர்தலைப் பற்றி வீட்டுப் பெரியவர்கள் சொன்னது ஏதேனும் நினைவிருந்தால் கீழே எழுதுங்கள். பிள்ளைகளும் படிக்கட்டும்.