காற்றின் சாளரங்களும் ஒளித் தூதும்

போகிப் பண்டிகையன்று விடியற்காலையில், பழம்பொருள்களை எரிக்கும் புகை பனியோடு கலந்து சென்னைத் தெருக்களை மூடிவிடுகிறது. தியாகராய நகரில் எதிர்ச்சாரி வீடுகூட மங்கலாகத்தான் தெரியும். கம்பியின்றி ஒளியால் செய்தி அனுப்ப முயன்ற அனைவருக்கும் தடையாக நின்றது இத்தகைய காற்றே. அத்தடையைத் தாண்டும் முயற்சியின் வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம்.

1869-ஆம் ஆண்டில், அன்றைய இந்திய அரசின் பாரசீக வளைகுடாத் தந்தித் துறையில் பணியாற்றிய ஹென்றி மான்ஸ், ஹீலியோகிராஃப் என்னும் கருவியை அமைத்தார். கதிரவன் ஒளியைக் கண்ணாடியால் திருப்பி, மினுக்கல்களாகச் செய்தி அனுப்பும் கருவி அது. 1880-இல் கிரகாம் பெல், வாஷிங்டன் நகரில் ஒளிக்கற்றையின்மீது பேச்சையே ஏற்றி 213 மீட்டர் தொலைவுக்கு அனுப்பிக் காட்டினார். ஆயினும், மேகம் மறைத்தால் இரண்டும் ஊமையாகிவிடும்.

காற்றில் ஒளி ஏன் வலுவிழக்கிறது? முதற் காரணம் சிதறல். அலைநீளத்தைவிட மிகச் சிறிய துகள்களில், அலைநீளம் இரு மடங்கானால் சிதறல் பதினாறில் ஒரு பங்காகக் குறையும் என ராலே 1871-இல் கண்டார். மீண்டும் மீண்டும் சிதறிச் செல்லும் ஒளியின் கணிதத்தை விரிவாக வகுத்து 1950-இல் நூலாக வெளியிட்டவர், இளமையில் மயிலாப்பூரில் வாழ்ந்த சந்திரசேகர். இரண்டாவது காரணம் உட்கவர்தல். நீராவியும் கரியமில வாயுவும் அகச்சிவப்புக் கதிர்கள் பலவற்றை விழுங்கிவிடும். எனினும் 3 முதல் 5 மைக்ரான் வரையிலும், 8 முதல் 12 மைக்ரான் வரையிலும் காற்று பெரிதும் வழிவிடுகிறது. இவையே காற்றின் சாளரங்கள்.

இரண்டாம் சாளரத்திற்கு ஏற்ற லேசரை 1964-இல் உருவாக்கியவர், மகாராஷ்டிரத்துப் பாராமதியில் பிறந்த குமார் பட்டேல். அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் அவர் செய்த கரியமில வாயு லேசரின் அலைநீளம் 10.6 மைக்ரான். ஆனால் வாயுக்குழாய் பெரிது. அதன் ஒளியை விரைவாக மாற்றியமைப்பதும் எளிதன்று. 1970-இல் இழப்பு குறைந்த கண்ணாடி இழை உருவாகவே, ஒளிச் செய்தி பெரும்பாலும் காற்றை விட்டுக் கண்ணாடிக்குள் புகுந்தது.

1994-இல் அதே பெல் ஆய்வுக்கூடத்தில் குவாண்டம் அருவி லேசர் பிறந்தது. கபாலீசுவரர் கோயில் குளத்துப் படிகளில் நீர் வழிந்து இறங்குவதாக எண்ணிக்கொள்ளுங்கள். அதுபோல, அடுக்கடுக்கான குறைகடத்திப் படலங்களில் எலெக்ட்ரான் படிப்படியாக இறங்கி, படிதோறும் ஒரு ஒளித்துகளை உமிழ்கிறது. படியின் உயரமே அலைநீளத்தை முடிவு செய்யும்; அவ்வுயரத்தைப் படலத்தின் தடிப்பால் அமைத்துக்கொள்ளலாம். இந்த இறக்கம் ஒரு நொடியின் லட்சம் கோடியில் சில பங்கு நேரத்திலேயே நிகழ்வதால் ஒளியை மிக விரைவாக ஏற்றி இறக்க முடிகிறது. ஆய்வகங்களில் நொடிக்குப் பல நூறு கோடி பிட்கள் இவ்வாறு அனுப்பப்பட்டுள்ளன.

இதனால் நமக்கு என்ன பயன்? 2016 டிசம்பர் 12-இல் வர்தா புயல் சென்னையைத் தாக்கியபோது ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. தொலைபேசியும் இணையமும் பல இடங்களில் துண்டிக்கப்பட்டன. சாலையைத் தோண்டிக் கம்பியைச் சீராக்க நாள்கள் ஆகும். தியாகராய நகரின் ஒரு மாடியிலிருந்து அடையாற்றின் ஒரு மாடிக்கு இடையே எதுவும் மறைக்காவிடில், ஒளிப்பாலம் ஒன்றைச் சில மணி நேரத்தில் அமைத்துவிடலாம்.

இது எல்லாத் தடைகளையும் வெல்லும் என்று எண்ணிவிடக் கூடாது. புகைத்துகள் சிறியது, நெடிய அலை அதை எளிதில் கடக்கும். அடர்ந்த மூடுபனியின் நீர்த்துளிகளோ அந்த அலைநீளத்திற்கே ஈடானவை. கனமழையின் துளிகள் இன்னும் பெரியவை. அங்கே இக்கதிரும் தளர்ந்துவிடும். ஆகவே இது கம்பிக்கு மாற்று அன்று, துணையே. எந்த அலை எந்தக் காற்றைக் கடக்கும் என அறிந்து தேர்வதில்தான் வெற்றி இருக்கிறது.