அல்புகர்க்கின் பெயர் சூடிய கப்பல்

கொச்சிக்குச் செல்லும் நம்மவர் மட்டாஞ்சேரி அரண்மனையைக் காணாது திரும்புவது அரிது. 'டச்சு அரண்மனை' என்று ஊரார் வழங்கினும், 1555-இல் அதனைக் கட்டிக் கொச்சி மன்னருக்கு அளித்தவர்கள் போர்ச்சுகீசியரே. டச்சுக்காரர் பின்னர்ப் பழுது பார்த்தவர்கள். அதற்கும் அரை நூற்றாண்டு முன்னர், 1503-இல், அபோன்சோ டி அல்புகர்க் என்னும் தளபதி கொச்சிக்கு வந்தார். மிளகு வாணிகத்திற்குக் காவலாக அப்போது கடலோரத்தில் எழுந்த மரக்கோட்டையே, இந்திய மண்ணில் ஐரோப்பியர் கட்டிய முதற்கோட்டை என்பர். 1510-இல் கோவாவைக் கைப்பற்றியவரும் இதே அல்புகர்க்தான். 1663-இல் போர்ச்சுகீசியர் கொச்சியை டச்சுக்காரரிடம் இழந்தனர், கோவாவை விடவில்லை. நானூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின், கோவாவை அவர்கள் இழந்த நாளில் அங்கே காவல் நின்றது அல்புகர்க்கின் பெயர் சூடிய போர்க்கப்பல். அதன் வரலாற்றையே ஈண்டுக் கூறப் புகுகின்றோம்.

இரண்டு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் 'ஸ்லூப்' என்னும் வகைக் கப்பல்கள் பல கட்டப்பட்டன. பெருங்கப்பல்களைப் பேணப் பொருள் போதாது. தொலைதூரக் குடியேற்றங்களிலோ கொடியைக் காட்டியாக வேண்டும். இந்த இக்கட்டிலே பிறந்தது ஸ்லூப். 1930-ஆம் ஆண்டின் இலண்டன் உடன்படிக்கை, 2,000 டன்னுக்கு மேற்படாமலும் மணிக்கு 20 கடல் மைலுக்கு மேல் விரையாமலும் உள்ள இத்தகைய கப்பல்களைப் படைக்குறைப்புக் கணக்கில் சேர்க்கவில்லை. போர்ச்சுகல் அவ்வுடன்படிக்கையில் சேர்ந்த நாடன்று; எனினும் சிக்கனம் அதற்கும் வேண்டியிருந்தது.

ஆகவே அந்நாடு, இங்கிலாந்தில் டைன் ஆற்றங்கரையிலுள்ள ஹாதார்ன் லெஸ்லி தளத்தில் இவ்வகைக் கப்பல்களைக் கட்டுவித்தது. அவற்றுள் ஒன்று 1934-இல் நீரில் இறங்கிய 'அபோன்சோ டி அல்புகர்க்'. 120 மில்லிமீட்டர் பீரங்கிகள் நான்கு. வேகம் மணிக்கு 21 கடல் மைல். வெப்ப நாடுகளுக்கு நெடும்பயணம் செய்ய ஏற்ற அமைப்பு. வியப்பான செய்தி ஒன்று: அதே ஆண்டில், அதே தளத்தினின்று, 'இண்டஸ்' என்ற ஸ்லூப் இந்தியாவுக்கெனக் கடலில் இறங்கிற்று. 1942 ஏப்ரலில் பர்மாவின் அக்யாப் அருகே ஜப்பானிய விமானங்கள் அதனை மூழ்கடித்தன.

அல்புகர்க்கின் வாழ்வும் அமைதியானதன்று. 1936 செப்டம்பரில் லிஸ்பனில் அதன் மாலுமிகளே சலாசரின் ஆட்சியை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்தனர். கரைப் பீரங்கிகள் சொந்தக் கப்பலையே சுட்டன. பிடிபட்ட மாலுமிகள் பலர் கேப் வெர்டியிலுள்ள தராபால் சிறை முகாமுக்கு அனுப்பப்பட்டனர். 1942 நவம்பரில் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் கடலில், இத்தாலியக் கைதிகளை ஏற்றிவந்த 'நோவா ஸ்கோஷியா' என்னும் பிரிட்டிஷ் கப்பலை ஜெர்மானிய நீர்மூழ்கி ஒன்று வீழ்த்திற்று. ஏறக்குறைய 190 உயிர்களைக் கடலினின்று மீட்டது அல்புகர்க்கே. அதன் பணிக்காலத்தில் மிகச் சிறந்த செயல் இதுவே என்பது எமது கருத்து.

1961 டிசம்பர் 18. மர்மகோவாத் துறைமுகத்தில் நங்கூரமிட்டிருந்த அக்கப்பலை நண்பகல் வேளையில் நம் கடற்படை நெருங்கிற்று. வந்தவை பெட்வா, பியாஸ், காவிரி: மூன்றும் நம் ஆறுகளின் பெயர்கள். 1943-இல் பிரிட்டனில் கட்டிய காவிரியும் பிறப்பால் ஸ்லூப்தான். பெட்வாவும் பியாஸும் அவ்வாறன்று. ராடார் குறிபார்க்க விரைந்து சுடும் 4.5 அங்குல இரட்டைப் பீரங்கிகளைத் தாங்கிய புதுக் கப்பல்கள் அவை. சரணடையுமாறு விடுத்த அறிவிப்பை ஏற்காது, அல்புகர்க் நங்கூரத்தை எடுத்துத் திருப்பிச் சுட்டது. அஞ்சாது போரிட்டனர் என்று அம்மாலுமிகளைப் பாராட்டுவதில் நமக்குத் தயக்கமில்லை. ஆயின் கொடி காட்டவும் குடியேற்றங்களை மிரட்டவும் அமைந்த கப்பல், கால் நூற்றாண்டு கடந்தபின் இத்தகைய பகைமுன் எங்ஙனம் நிற்கும்? தலைவர் அரகாவ் படுகாயமுற்றார். ஒரு மணி நேரத்திற்குள் கப்பலைப் பம்போலிம் கரையில் தரைதட்டச் செய்து, மாலுமிகள் வெள்ளைக் கொடி உயர்த்தினர். மறுநாள் கோவாவின் ஆளுநரும் சரணடைந்தார்.

பின்னர் அந்தக் கப்பலை மிதக்கவிட்டுப் பம்பாய்க்கு இழுத்துச் சென்றனர். 1963-இல் அது பழைய இரும்பாக விலைபோயிற்று.