ஒரே ஆறு, மூன்று வாய்க்கால்
(வானொலி வேளாண் உரை)

ஈரோட்டுப் பக்கம் ஒரு விவசாயியைப் பார்த்து, "உங்களுக்கு எந்தப் பாசனமுங்க?" என்று கேட்டால், "நமக்குக் காலிங்கராயனுங்க" என்பார். இன்னொருவர், "தடப்பள்ளிங்க" என்பார். மூன்றாமவர், "கீழ்பவானிங்க, இந்த வருசம் நமக்கு ரெண்டாம் போகம்" என்பார். மூன்று பேருக்கும் தண்ணீர் கொடுப்பது ஒரே பவானி ஆறுதான். ஆனால் ஒருவர் வருசத்தில் பெரும்பாலான மாதம் தண்ணீர் பார்க்கிறார். இன்னொருவர் ஒரு வருசம் நெல் நட்டால், மறு வருசம் கடலை, எள்ளு என்று புஞ்சைப் பயிரோடு நிறுத்திக்கொள்கிறார். ஏன் இந்த வித்தியாசம்? வாய்க்காலில் வகை இருக்கிறது. அந்த வகைக்கு ஒரு சரித்திரமும் இருக்கிறது. இன்றைக்கு அதைத்தான் பேசப்போகிறோம்.

எஞ்ஞினீயர்கள் வாய்க்காலைப் பல விதமாகப் பிரிப்பார்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, வாய்க்கால் எந்தத் தடத்தில் போகிறது, அது பெரியதா சிறியதா, மண் கரையா கான்கிரீட் கரையா என்று நாலு கேள்வி கேட்டால் போதும். எந்த வாய்க்காலையும் இன்ன வகை என்று சொல்லிவிடலாம். இந்த நாலு கேள்விக்கும் பவானி ஆற்றங்கரையிலேயே பதில் கிடைக்கும்.

முதல் கேள்வி: தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

ஆதி காலத்து வழி மிகச் சுலபம். ஆற்றோரத்தில் கரையை வெட்டிவிடுவது. வெள்ளம் வந்து ஆறு உயர்ந்தால் வாய்க்காலில் தண்ணீர் ஏறும். ஆறு இறங்கினால் வாய்க்கால் காய்ந்துவிடும். இதற்கு வெள்ளக் கால்வாய் என்று பெயர். சிந்து, சட்லெஜ் ஆறுகளின் ஓரத்தில் இப்படிப்பட்ட கால்வாய்கள் நிறைய இருந்தன. அதில் விவசாயம் செய்தவன் பாதி ஆற்றை நம்பினான், பாதி அதிர்ஷ்டத்தை நம்பினான்.

அடுத்தது அணைக்கட்டு வாய்க்கால். ஆற்றுக்குக் குறுக்கே தாழ்வான ஒரு கல்கட்டு போடுவார்கள். அது தண்ணீரைத் தேக்கி வைக்காது. ஆற்று மட்டத்தைக் கொஞ்சம் உயர்த்தி, வாய்க்கால் தலைமதகுக்குள் திருப்பிவிடும். மிச்சத் தண்ணீர் கட்டின் மேல் வழிந்து போகும். காவிரியில் கல்லணை, தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டுகள் எல்லாம் இந்த இனம்தான்.

பவானியில் இப்படி இரண்டு பழைய அணைக்கட்டுகள் உண்டு. ஒன்று கோபிசெட்டிபாளையம் பக்கத்தில் உள்ள கொடிவேரி. 1125-ல் கட்டப்பட்டது என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். அதன் வலது கரையில் தடப்பள்ளி வாய்க்கால், இடது கரையில் அரக்கன்கோட்டை வாய்க்கால். இரண்டுமாகச் சேர்ந்து 24,504 ஏக்கர் ஆயக்கட்டு. இன்னொன்று பவானி ஆறு காவிரியில் கலப்பதற்குச் சற்று மேலே உள்ள காலிங்கராயன் அணைக்கட்டு. காலிங்கராயன் என்ற தலைவன் கட்டி, 1283-ல் வேலை முடிந்தது என்பது வழக்கு. அந்த வாய்க்கால் 56 மைல் ஓடி, ஈரோடு, கொடுமுடி வழியாகப் போய் நொய்யல் ஆற்றில் சேர்கிறது. அதன் ஆயக்கட்டு 15,743 ஏக்கர்.

மூன்றாவது இனம் நீர்த்தேக்கக் கால்வாய். பெரிய அணை கட்டி, மழைக்காலத் தண்ணீரைச் சேமித்து, வேண்டும்போது திறந்துவிடுவது. சுதந்திரம் வந்த கையோடு 1948-ல் வேலை ஆரம்பித்து, 1955-ல் முடிந்த பவானிசாகர் அணை இந்த இனம். விடுதலைப் போராட்டத் தியாகி எம்.ஏ. ஈஸ்வரன் இந்த அணைக்காக விடாமல் வாதாடியவர். மண் கரையாகவே எட்டு கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கும் அணை அது. 32.8 டி.எம்.சி. பிடிக்கும். அதிலிருந்து புறப்படுகிற கீழ்பவானிக் கால்வாய் சுமார் 200 கிலோமீட்டர் ஓடுகிறது. ஈரோடு, திருப்பூர், கரூர் மாவட்டங்களில் 2,07,000 ஏக்கருக்குப் பாசனம்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அணை மேலே வந்தது 1955-ல். கீழே இருக்கிற கொடிவேரியும் காலிங்கராயனும் அதற்குப் பல நூறு வருசத்துக்கு முன்பே அந்த ஆற்றுத் தண்ணீரில் நெல்லும் கரும்பும் மஞ்சளும் விளைவித்துக்கொண்டிருந்தவை. புதிதாக அணை கட்டினோம் என்று சொல்லி, பழையவர் வயிற்றில் அடிக்க முடியுமா? அதனால்தான் பழைய ஆயக்கட்டு, புதிய ஆயக்கட்டு என்று இரண்டு பெயர் வந்தது. பழைய ஆயக்கட்டுக்கு இரண்டு போகத்துக்கும் ஆற்றில் தண்ணீர் விட்டாக வேண்டும். அது போக மிச்சத்தில்தான் புதிய ஆயக்கட்டு.

புதிய ஆயக்கட்டிலோ நிலம் அதிகம், தண்ணீர் குறைவு. அதனால் நிலத்தை இரண்டு பாதியாக, ஒவ்வொன்றும் 1,03,500 ஏக்கராகப் பிரித்தார்கள். ஒற்றைப்படை மதகு, இரட்டைப்படை மதகு என்று எண் போட்டு, ஒரு பாதிக்கு ஆகஸ்டு மாதம் முதல் நன்செய்க்குத் தண்ணீர். மறு பாதிக்கு ஜனவரிக்கு மேல் புன்செய்க்குத் தண்ணீர். அடுத்த வருசம் முறை மாறும். "நமக்கு இந்த வருசம் ரெண்டாம் போகம்" என்று நம்ம கீழ்பவானி விவசாயி சொன்னதற்கு அர்த்தம் இதுதான்.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். வினாடிக்கு ஒரு கன அடி தண்ணீர் ஒரு நாள் முழுக்க ஓடினால், இரண்டு ஏக்கர் நிலத்தில் ஏறக்குறைய ஓர் அடி உயரத்துக்கு நிற்கும். நன்செய்ப் பருவத்தில் கீழ்பவானியில் வினாடிக்கு 2,300 கன அடி வீதம் 120 நாள் விட்டால் மொத்தம் 23.8 டி.எம்.சி. ஆகிறது. அதை 1,03,500 ஏக்கருக்குப் பங்கிட்டால், ஏக்கருக்கு ஐந்தேகால் அடி உயரத் தண்ணீர். கேட்க நிறைய மாதிரி இருக்கும். ஆனால் இது அணைவாசலில் அளந்த அளவு. 200 கிலோமீட்டர் மண் வாய்க்காலில் கசிந்தது போக, வெயிலில் போனது போக, வழியில் திருட்டு மோட்டார் இழுத்தது போக, கடைமடைக்கு வருவது எவ்வளவு என்று கடைமடைக்காரரைக் கேட்டால்தான் தெரியும்.

இரண்டாவது கேள்வி: எந்தத் தடத்தில் போகிறது?

மேட்டு முதுகில் போகிற வாய்க்கால் ஒரு வகை. இரண்டு ஆறுகளுக்கு நடுவே உயர்ந்த வரப்பு மாதிரி நிலம் இருக்குமல்லவா, அதன் உச்சியில் வெட்டுவது. தண்ணீர் இரண்டு பக்கமும் தானாக இறங்கும். குறுக்கே ஓடை எதுவும் வராது. 1854-ல் திறக்கப்பட்ட கங்கைக் கால்வாய், கங்கைக்கும் யமுனைக்கும் நடுவே இப்படித்தான் போகிறது.

இன்னொரு வகை மட்டக் கால்வாய். மலைச்சரிவில் ஆடு நடக்கிற தடம் மாதிரி, ஒரே மட்டத்தைப் பிடித்துக்கொண்டு, மெல்ல மெல்ல இறங்கி, வளைந்து வளைந்து போவது. நம்ம பவானியின் வாய்க்கால்கள் எல்லாம் இந்த வகைதான். காலிங்கராயன் வாய்க்கால் ஏன் இத்தனை வளைவு என்று கேட்டால், பாம்பு போன தடத்தைப் பார்த்து வெட்டியது என்று ஊரில் கதை சொல்வார்கள். கதை எப்படியோ போகட்டும், காரியம் சரிதான். நேராக வெட்டியிருந்தால் ஓர் இடத்தில் பள்ளத்தில் விழும், ஓர் இடத்தில் மேட்டில் முட்டும். சரிவு அதிகமானால் தண்ணீர் வேகம் பிடித்துக் கரையை அறுக்கும். சரிவு குறைந்தால் வண்டல் படிந்து வாய்க்கால் தூர்ந்துபோகும். லெவல் மெஷின் இல்லாத காலத்தில் தண்ணீரையே மட்டப்பலகையாக வைத்து 56 மைல் கொண்டுபோனவர்கள் நம்ம முன்னோர்.

மட்டக் கால்வாய்க்கு ஒரு குணம் உண்டு. அதன் பாசனம் ஒரு பக்கம்தான். கீழ்பவானிக் கரையில், தண்ணீர் போகிற திசையைப் பார்த்து நில்லுங்கள். இடது கைப் பக்கம் பள்ளம், அது ஆயக்கட்டு. வலது கைப் பக்கம் மேடு, அது மானாவாரி. பத்தடி அகல ரோட்டுக்கு அந்தப் பக்கம் நெல்லு, இந்தப் பக்கம் சோளத்தட்டு. மேட்டுக்காரர் வாய்க்காலைத் தினமும் பார்த்துக்கொண்டே இருப்பார். அவருக்குச் சொட்டுத் தண்ணீருக்கு உரிமையில்லை. வாய்க்கால் ஓரத்தில் நடக்கிற சண்டையில் பாதிக்கு விதை இந்த இடத்தில்தான் இருக்கிறது.

இன்னொரு குணம்: மேட்டிலிருந்து வருகிற மழை ஓடைகள் எல்லாம் மட்டக் கால்வாயைக் குறுக்கே கடந்தாக வேண்டும். அதனால் வழி நெடுகப் பாலம் வேண்டும். சில இடத்தில் ஓடைக்கு மேலே வாய்க்கால் தொட்டிப் பாலத்தில் போகும். சில இடத்தில் வாய்க்காலுக்கு மேலே ஓடை போகும். அந்தப் பாலத்தில் குப்பை அடைத்தால் கரை உடையும். கரை உடைந்தால் மேல்மடைக்கு ஒரு நாள் கஷ்டம். கடைமடைக்கு ஒரு போகமே போய்விடும்.

மூன்றாவது கேள்வி: பெரியதா, சிறியதா?

பிரதானக் கால்வாய், கிளைக் கால்வாய், பகிர்மானக் கால்வாய், கடைசியில் வயலுக்குப் போகிற கொப்பு வாய்க்கால். மரத்தில் அடிமரம், கிளை, கொப்பு என்று இருக்கிற மாதிரிதான். பிரதானக் கால்வாயிலிருந்து நேராக வயலுக்குப் பாய்ச்சக் கூடாது. அது எல்லாருக்கும் பொது. பெரிய வாய்க்காலைச் சர்க்கார் பார்த்துக்கொள்ளும். கொப்பு வாய்க்காலைப் பார்ப்பது நம்ம பொறுப்பு. 2000-ம் ஆண்டு வந்த சட்டத்தின்படி நீரைப் பயன்படுத்துவோர் சங்கம் அமைத்து, விவசாயிகளே நிர்வாகத்தில் பங்கெடுக்கவும் வழி இருக்கிறது. சங்கம் பேருக்கு இருந்தால் போதாது. தண்ணீர் திறப்பதற்கு முன்னால் எல்லாரும் மண்வெட்டியோடு இறங்கிக் கொப்பு வாய்க்காலில் கோரையை அறுத்தால்தான் கடைசி வயலுக்குத் தண்ணீர் எட்டும்.

நாலாவது கேள்வி: மண்ணா, கான்கிரீட்டா?

இதுதான் இன்றைக்கும் கொதிக்கிற விஷயம். கான்கிரீட் போட்டால் கசிவு குறையும், தண்ணீர் சீக்கிரம் கடைமடைக்குப் போகும். இது எஞ்ஞினீயர் சொல்கிற நியாயம். கடைமடைக்காரர் கேட்கிற நியாயமும் இதுதான். ஆனால் கீழ்பவானி மண் வாய்க்காலாக ஓடிய இத்தனை வருசத்தில், கசிந்த தண்ணீர் வீணாகப் போய்விடவில்லை. பள்ளத்துப் பக்கத்தில் கிணறு கிணறாக ஊறியது. ஓடைகளில் வெளிப்பட்டு, கசிவுநீர்த் தடுப்பணைகளில் தேங்கி, இன்னொரு பாசனமாகவே ஆகிவிட்டது. தென்னையும் வாழையும் ஊர்க் குடிநீரும் அதை நம்பி நிற்கின்றன. அதனால்தான் 2020-க்குப் பிறகு கான்கிரீட் போடுகிற திட்டம் வந்தபோது, விவசாயிகளே இரண்டு பக்கமாக நின்றார்கள். 2023-ல் கான்கிரீட் வேண்டாம் என்று உண்ணாவிரதம் வரைக்கும் போனது. வேண்டும் என்றவர்களும் விடவில்லை.

இதில் யார் பக்கம் நியாயம் என்று ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொல்ல எனக்கு மனசில்லை. இரண்டு பேரும் விவசாயிகள். ஒருவருக்கு மதகு வழியாகத் தண்ணீர் வருகிறது. இன்னொருவருக்குக் கிணறு வழியாக வருகிறது. ஆயக்கட்டுக் கணக்குப் புத்தகத்தில் முதல் ஆள் பெயர் இருக்கிறது, இரண்டாவது ஆள் பெயர் இல்லை. ஒன்று மட்டும் சொல்வேன். கரை பலவீனமான இடம், மதகு, பாலம் இவற்றைப் பலப்படுத்துவதை இரண்டு கட்சியும் மறுப்பதில்லை. ஒத்துப்போகிற வேலையை முதலில் முடித்தால், கடைமடைக்கு உடைப்புப் பயமாவது தீரும்.

கடைசியாக ஒரு செய்தி. 2024 ஆகஸ்டில் அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே பவானி ஆற்றின் உபரித் தண்ணீர் 1.5 டி.எம்.சி.யை மோட்டார் வைத்து மேட்டுக்கு ஏற்றி, குழாய் வழியாக 1,045 குளம் குட்டைகளுக்கு அனுப்புகிற திட்டம். வாய்க்கால் என்றால் தண்ணீர் தானாக இறங்குகிற வழி என்றுதான் நம்ம பாட்டன் காலம் முதல் அர்த்தம். இப்போது தண்ணீர் மேடு ஏறுகிறது. கரண்டு இருக்கிற வரைக்கும் ஏறும்; உபரி இருக்கிற வரைக்கும் ஏறும்.

ஆக, உழவர் பெருமக்களே, நீங்கள் எந்த ஊராக இருந்தாலும் உங்கள் வாய்க்காலிடம் இந்த நாலு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். தண்ணீருக்கு மூலம் எது, எந்தத் தடம், எத்தனையாவது கொப்பு, என்ன கரை? பதில் தெரிந்தால், உங்கள் முறை எத்தனை நாள், உங்கள் உரிமை எதுவரைக்கும், யார் தண்ணீர் உங்கள் வயலைத் தாண்டிப் போகவேண்டியிருக்கிறது என்பதும் தெரிந்துவிடும். உங்கள் மடையைத் திறக்கும்போது, உங்களுக்குக் கீழே இன்னும் எத்தனை மடை இருக்கிறது என்பதையும் ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள்.