சீத்தையும் சட்டமும்

சுதந்திர வர்த்தகத்தின் தாயகமெனப் பிற்காலத்திற் புகழப்பெற்ற இங்கிலாந்து, ஒரு காலத்தில் தன் குடிமக்கள் இன்ன துணியை உடுத்தலாகாது என்று சட்டமியற்றிய நாடாகும். அச்சட்டத்தின் வரலாறு சோழமண்டலக் கரையிலே தொடங்குகின்றது.

ஐரோப்பியக் கம்பனிகள் கீழைத்தேயங்களுக்கு முதலில் வந்தது துணியை நாடியன்று. வாசனைத் திரவியங்களை நாடியே. ஆனால் கீழைத் தீவுகளில் மிளகும் கிராம்பும் சாதிக்காயும் விற்றோர் அவற்றுக்கு மாற்றாகச் சோழமண்டலத் துணியையே பெரிதும் விரும்பினர். ஆகவே ஒல்லாந்தர் பழவேற்காட்டிலும், ஆங்கிலேயர் 1611இல் மசூலிப்பட்டினத்திலும் பண்டகசாலை அமைத்தனர். 1639இல் சென்னைப்பட்டினத்து மணற்கரையை ஆங்கிலேயர் தெரிந்தெடுத்ததற்கும் அங்குத் துணி மலிவாய்க் கிடைத்தமை முதன்மையான காரணமாகும். துறைமுகம் என்று சொல்லத்தக்க ஒன்றும் ஆங்கில்லாமையால் வேறு காரணம் தேடுதலும் அரிது.

இத்துணியின் சிறப்பு நெசவில் மாத்திரமன்றிச் சாயத்திலும் இருந்தது. கடுக்காய்ச் சாறும் எருமைப்பாலும் ஊட்டிய துணியில், இரும்புக் கரைசலாற் கருங்கோடு வரைந்து, சிவப்பு வேண்டிய இடங்களிற் படிகாரம் பூசிச் சாயவேர் நீரிற் காய்ச்சினர். நீலம் பற்றலாகாத பாகங்களை மெழுகினால் மூடி அவுரித் தொட்டியில் தோய்த்தனர். துவைக்கத் துவைக்க மங்காத இவ்வண்ணமே ஐரோப்பியரை மயக்கியது. சாயவேர் யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் மணற்பாங்கான நிலங்களிற் கிடைத்தது. அதனை அகழ்தல் ஒரு சாரார்க்குப் பரம்பரைக் கடமையாக விதிக்கப்பட்டிருந்தது. 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் அவ்வேரையும் தம் தனியுரிமைப் பொருளாக்கினர்.

இலண்டனிற் சீத்தை முதலில் திரைச்சீலையாகவும் படுக்கை விரிப்பாகவும் புகுந்தது. பின்னர்ச் சீமாட்டியும் பணிப்பெண்ணும் ஒருங்கே அதனை உடுத்தலாயினர். கம்பளியும் பட்டும் நெய்தோர் வேலையிழந்தனர். அவர்தம் துயரம் பொய்யன்று. 1697இன் தொடக்கத்தில் நெசவாளர் கூட்டம் கிழக்கிந்தியக் கம்பனியின் மாளிகையையே தாக்கிற்று. பிரான்சு 1686இலேயே அச்சிட்ட பருத்தித் துணிகளைத் தடைசெய்திருந்தது. இங்கிலாந்தின் சட்டம் 1701 செத்தெம்பர் இறுதியில் நடைமுறைக்கு வந்தது. அது வண்ணந் தீட்டிய இந்தியத் துணியை விலக்கிற்றேயன்றி வெள்ளைத் துணியை விலக்கவில்லை. விளைவு வேடிக்கையானது: வெள்ளைத் துணியை வருவித்து இலண்டனிலேயே அச்சிடும் தொழில் செழித்தது! நெசவாளர் கண்ட பயன் சிறிதே. 1719இற் சீத்தை உடுத்துத் தெருவிற் சென்ற பெண்களின் ஆடைகள் கிழிக்கப்பட்டன. சிலர்மேல் எரிதிராவகமும் வீசப்பட்டது. தானியல் டீபோ என்னும் எழுத்தாளர் நெசவாளர் சார்பில் பத்திரிகை நடத்தினார். 1721இற் பாராளுமன்றம், அச்சிட்ட பருத்தித் துணியை உடுத்துவதையே குற்றமாக்கி 5 பவுண் தண்டம் விதித்தது. எனினும் அதே துணியை மறு ஏற்றுமதி செய்யத் தடையில்லை. இங்கிலாந்திற் பெண்கள் உடுத்தலாகாதென்று விலக்கிய துணியைக் கொடுத்து மேற்காபிரிக்காவில் அடிமைகள் வாங்கப்பட்டனர். சட்டத்தின் அறம் அத்துணையே.

இத்தடையின் நிழலிலே இலங்காசயர் வளர்ந்தது. சணல் நூலைப் பாவாகவும் பருத்தி நூலை ஊடையாகவும் கொண்ட துணிக்கு 1736இல் விலக்களிக்கப்பட்டது. முழுப் பருத்தித் துணிக்கான தடை 1774இல் நீங்கிற்று. அதற்குள் ஆர்க்கிறைற்றின் நூற்கும் யந்திரம் வந்துவிட்டது. தடை மட்டுமே அவ்வெற்றிக்குக் காரணமென்று கூறுதல் மிகை. யந்திரமின்றி அது நிலைத்திராது. ஆயினும் வெற்றி கைகூடிய பின்னரே சுதந்திர வர்த்தகம் அங்கு வேதமாயிற்று என்பதை மறைத்தல் இயலாது. அவ்வேதமும் எல்லார்க்கும் ஒன்றாய் இருக்கவில்லை. 1896இல் இந்தியாவுக்கு வந்த ஆங்கிலத் துணிமீது நூற்றுக்கு 3½ வீதம் வரி விதித்தபோது, இந்திய ஆலைத் துணிக்கும் அதே அளவு உள்நாட்டு வரி விதிக்கப்பட்டது.

யப்பானியத் துணி மலிவாய்ப் பெருகியதும் பிரித்தானியா தன் பழைய ஆயுதத்தை மீண்டும் எடுத்தது. 1934இற் குடியேற்ற நாடுகளில் யப்பானியத் துணிக்குக் கோட்டா விதிக்கப்பட்டது. இலங்கையும் அதற்கு உட்பட்டது. வறியவர்க்கு மலிவான துணி கிடைப்பதினும் மன்செஸ்ரரின் சந்தை பெரிதாக மதிக்கப்பட்டது.

போருக்குப் பின் இம்முறை உலகளாவியதாயிற்று. 1962இற் பருத்தித் துணிக்கென ஏற்பட்ட நீண்டகால உடன்பாடு, 1974இற் செயற்கை நூலையும் கம்பளியையும் சேர்த்துப் பல்நார் உடன்பாடாக விரிந்தது. செல்வ நாடுகள் வறிய நாடுகளின் ஆடைக்கு நாடுவாரியாக அளவு விதித்தன. இங்கும் 1701இன் வேடிக்கை மீண்டது. தம் பங்கு நிரம்பிய கிழக்காசிய உற்பத்தியாளர் கோட்டா எஞ்சிய நாடுகளைத் தேடினர். 1977இற் பொருளாதாரத்தைத் திறந்து, மறு ஆண்டு கட்டுநாயக்காவில் ஏற்றுமதி வலயம் அமைத்த இலங்கை அத்தகைய நாடுகளுள் ஒன்று. தையல் யந்திரங்களின் முன் கிராமத்து இளம்பெண்கள் ஆயிரக்கணக்கில் அமர்ந்ததற்குக் கோட்டாவும் ஒரு காரணமாகும்.

பத்தாண்டுத் தவணைக்குப் பின், 2005 சனவரி 1இல் அவ்வுடன்பாட்டின் கோட்டாக்கள் ஒழிந்தன. அவ்வாண்டு யூன் மாதத்திலேயே ஐரோப்பிய ஒன்றியம் சீன ஆடைகளுக்குப் புதிய வரம்புகளைப் பெற்றுக்கொண்டது. வரம்பு நிரம்பியபின் வந்திறங்கிய கோடிக்கணக்கான மேற்சட்டைகளும் உள்ளாடைகளும் ஐரோப்பியத் துறைமுகங்களிற் சில வாரம் முடங்கிக் கிடந்தன. கடைகளில் விற்கப் பொருளின்றி முறையிட்டோர் ஐரோப்பிய வணிகரே.