ஃபேனியும் அலெக்சாண்டரும்

ஸ்வீடன் இயக்குநர் இங்மார் பெர்க்மன் எழுதி இயக்கிய திரைப்படம். 1982 டிசம்பர் 17 அன்று ஸ்வீடனில் வெளியானது. 1907ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் இரவில் கதை தொடங்குகிறது. உப்சாலா நகரில் நாடக அரங்கு நடத்தும் எக்டால் குடும்பத்தின் அடுத்த இரண்டு ஆண்டு வாழ்க்கைதான் படம். தலைப்பில் இரண்டு பிள்ளைகளின் பெயர் இருந்தாலும் எல்லாவற்றையும் நாம் பார்ப்பது பத்து வயது அலெக்சாண்டரின் கண் வழியாகத்தான். தங்கை ஃபேனி அதிகம் பேசமாட்டாள். ஆனால் அவள் கண்ணுக்கு எதுவும் தப்பாது.

படம் வேர்விட்ட இடம் பெர்க்மனின் சொந்தப் பிள்ளைப்பருவம். 1918இல் உப்சாலாவில் பிறந்தவர் அவர். தந்தை எரிக் பெர்க்மன் லூத்தரன் சபைப் போதகர், கண்டிப்பானவர். வீட்டில் தவறு செய்த பிள்ளைக்குக் கம்பளம் தட்டும் பிரம்பால் அடி விழும். அடி முடிந்ததும் அடித்த தந்தையின் கையை முத்தமிட்டு மன்னிப்புக் கேட்க வேண்டும். இதற்கு நேர்மாறான வெதுவெதுப்பு, உப்சாலாவில் இருந்த தாய்வழிப் பாட்டியின் வீட்டில் கிடைத்தது. ஒரு கிறிஸ்துமஸுக்கு அண்ணனுக்குப் பரிசாக வந்த சின்னப் படக்கருவியை, தன்னிடமிருந்த நூறு ஈயச் சிப்பாய்களைக் கொடுத்து மாற்றி வாங்கிக்கொண்டார் சிறுவன் இங்மார். 1987இல் வெளியான தன்வரலாற்றுக்கு அவர் வைத்த பெயரே ‘மாய லாந்தர்’ (படம் காட்டும் விளக்கு). அலெக்சாண்டரும் படத்தில் கிறிஸ்துமஸ் இரவில் எல்லோரும் படுத்த பிறகு எழுந்து மாய லாந்தரை ஏற்றுகிறான்.

1976 ஜனவரியில், ஸ்டாக்ஹோம் அரச நாடக அரங்கில் ஒத்திகை நடத்திக்கொண்டிருந்த பெர்க்மனை வரி ஏய்ப்பு வழக்கில் காவலர்கள் அழைத்துச் சென்றார்கள். வழக்கு பின்னர் கைவிடப்பட்டாலும் அவர் மனம் உடைந்து நாட்டைவிட்டே போய் மியூனிக்கில் குடியேறினார். 1979இல் ஸ்வீடனின் ஃபோரோ தீவுக்கு வந்திருந்தபோது இக்கதையை எழுதி முடித்தார். சொந்த மண்ணைப் பிரிந்திருந்தவர் எழுதியது என்பதாலோ என்னவோ, எக்டால் வீட்டின் விருந்து மேசையும் மெழுகுவர்த்திகளும், குடும்பத்தாரும் பணியாளர்களும் கைகோத்து அறை அறையாக ஆடிச் செல்லும் அந்த நீண்ட வரிசையும் அவ்வளவு ஏக்கத்தோடு படமாகியிருக்கின்றன.

இந்தப் படத்தின் உயிர்நாடி என்று நான் கருதுவது பொய்யும் கதையும் பிரியும் இடம். தந்தை ஆஸ்கர் ஓர் இரவு பிள்ளைகளின் அறைக்கு வருகிறார். அங்கே கிடக்கும் சாதாரண நாற்காலியைக் காட்டி, சீனப் பேரரசிக்குச் சொந்தமான அதிசய நாற்காலி இது என்று கதை கட்டுகிறார். பிள்ளைகள் வாய்பிளந்து கேட்கிறார்கள்; அந்த வீட்டில் அது அன்பு. ‘ஹாம்லெட்’ ஒத்திகையில் ஆவி வேடம் ஏற்றிருக்கும்போதே ஆஸ்கர் சரிந்து விழுந்து, பிறகு வீட்டில் இறந்துபோகிறார். தாய் எமிலி, பிஷப் எட்வர்ட் வெர்கெரூஸை மறுமணம் செய்துகொள்கிறாள். தாய் தன்னை சர்க்கஸுக்கு விற்றுவிட்டதாகப் பள்ளியில் கதை அளந்ததற்காகப் பிஷப் அலெக்சாண்டரை நிற்கவைத்துக் குறுக்கு விசாரணை செய்கிறார். பிறகு ஒரு நாள் பிரம்படியும் விழுகிறது. தந்தையிடம் வரமாக இருந்தது, மகனிடம் குற்றமாகிவிட்டது. அந்த சர்க்கஸ் பொய்யைச் சிறுவயதில் தானே சொன்னதாகப் பெர்க்மன் எழுதியிருக்கிறார்.

பாட்டி ஹெலனாவின் நெடுநாள் நண்பரான யூத வணிகர் ஈசாக், பிஷப்பிடம் பழைய மரப்பெட்டி ஒன்றை விலைபேசி வாங்கி, அந்த வீட்டில் அடைபட்டிருந்த பிள்ளைகளை அதற்குள் ஒளித்துக் கடத்துகிறார். சந்தேகப்பட்ட பிஷப் மாடிக்கு ஓடிப் பார்த்தால் பிள்ளைகள் அங்கே தரையில் கிடக்கிறார்கள்! இது எப்படி நடந்தது என்று படம் விளக்குவதே இல்லை, விளக்காததுதான் சரி. பின்னர் பிஷப் தீயில் மாள்கிறார்; அது அலெக்சாண்டரின் நினைப்பாலா, கவிழ்ந்த விளக்காலா என்பதும் அப்படியே விடப்படுகிறது. செத்தும் அவர் விடவில்லை. கடைசியில் ஆவியாக வந்து சிறுவனைக் கீழே தள்ளுகிறார். அவன் பாட்டியின் மடிக்கு ஓடுகிறான். பாட்டி ஸ்வீடன் நாடகாசிரியர் ஸ்ட்ரிண்ட்பெரியின் ‘கனவு நாடக’த்தை வாசிக்கத் தொடங்க, படம் முடிகிறது.

தயாரிப்பைத் தூக்கிச் சுமந்தவர் யோர்ன் டொன்னர். ஸ்வீடன் திரைப்பட நிறுவனம், ஸ்வீடன் தொலைக்காட்சி, பிரான்சின் கோமோன் ஆகியவை பணம் போட்டன. அதுவரை ஸ்வீடனில் எடுக்கப்பட்டவற்றில் இதுவே செலவு மிகுந்த படம். 1981 செப்டம்பரில் தொடங்கிய படப்பிடிப்பு 1982 மார்ச்சில் முடிந்தது. எமிலியாக லிவ் உல்மனையும் பிஷப்பாக மாக்ஸ் வான் சிடோவையும்தான் பெர்க்மன் முதலில் நினைத்திருந்தார், அமையவில்லை. எவா ஃப்ரோலிங்கும் யான் மால்ம்ஷோவும் நடித்தனர். அலெக்சாண்டராக பெர்டில் குவே, ஃபேனியாக பெர்னிலா ஆல்வின், ஈசாக்காக எர்லண்ட் யோசப்சன். பாட்டியாக வாழ்ந்து காட்டிய குன் வால்கிரென் அப்போதே புற்றுநோயால் அவதிப்பட்டுக்கொண்டிருந்தார், 1983இல் காலமானார். ஒளிப்பதிவாளர் ஸ்வென் நிக்விஸ்ட் எக்டால் வீட்டைச் செந்நிறத்திலும் பொன்னிறத்திலும் குளிக்கவைத்தார். பிஷப்பின் வீட்டிலோ வெறுஞ்சுவரும் சாம்பல் வெளிச்சமும்தான்.

படத்துக்கு இரண்டு வடிவங்கள் உண்டு. தொலைக்காட்சிக்கானது 312 நிமிடம். திரையரங்குகளுக்கு 188 நிமிடமாகச் சுருக்கப்பட்டது. உயிருள்ள சதையை வெட்டுவது போன்ற அந்த வேலை பெர்க்மனை மிகவும் வாட்டியது. நாற்காலிக் கதை வெட்டில் போனவற்றுள் ஒன்று. குறுகிய வடிவை மட்டும் பார்த்தவர்கள் ஆஸ்கர் எப்பேர்ப்பட்ட தந்தை என்பதைப் பாதிதான் அறிவார்கள். அதனால் நீண்ட வடிவையே பரிந்துரைக்கிறேன்.

1984 ஆஸ்கர் விழாவில் ஆறு பரிந்துரைகளில் நான்கு விருதுகள் கிடைத்தன: சிறந்த வெளிநாட்டு மொழிப் படம், ஒளிப்பதிவு, கலை இயக்கம், உடை அலங்காரம். திரையரங்குக்கு இதுவே தன் கடைசிப் படம் என்று பெர்க்மன் அறிவித்திருந்தார். தொலைக்காட்சிக்கும் நாடகத்துக்கும் தொடர்ந்து உழைத்த அவர், 2007இல் ஃபோரோவில் மறைந்தார்.

குடும்பக் கதையை அவர் இதோடு விடவில்லை. தன் பெற்றோரின் காதலையும் திருமணத்தையும் திரைக்கதையாக எழுதினார். பில்லே ஆகஸ்ட் இயக்கிய அந்தப் படம் 1992இல் கான் விழாவின் தங்கப் பனை விருதை வென்றது. அதில் பெர்க்மனின் தாயை மாதிரியாகக் கொண்ட பாத்திரத்தில் நடித்துச் சிறந்த நடிகை விருது பெற்ற பெர்னிலா ஆகஸ்ட், பத்தாண்டுகளுக்கு முன் அலெக்சாண்டரைப் பார்த்துக்கொள்ளும் பணிப்பெண் மாயாக நடித்தவர்.