டிசம்பர் ஞாயிற்றுச் சத்தியம்

என் அம்மம்மா தவக்காலம் நாற்பது நாளும் வீட்டு வானொலியில் சினிமாப்பாட்டு வைக்கவிடமாட்டா. கொட்டகைப் பக்கம் போவது பற்றிப் பேச்சே இல்லை. அதற்காக அவவிடம் யாரும் சத்தியம் வாங்கவில்லை. அமெரிக்காவில் வாங்கினார்கள்.

1930களின் நடுவிலிருந்து ஏறத்தாழ முப்பது ஆண்டுகள், டிசம்பர் 8இல் வரும் மாதாவின் அமலோற்பவத் திருநாளை ஒட்டிய ஞாயிறு பூசையில் அமெரிக்கக் கத்தோலிக்கர் எழுந்து நின்று உறுதி எடுத்தார்கள். ஒழுக்கக்கேடான படங்களைப் பார்க்கமாட்டேன், அவற்றை வழக்கமாகக் காட்டும் இடங்களுக்கும் போகமாட்டேன் என்பது அதன் சாரம். ஆயர்கள் 1933இல் தொடங்கிய ‘கண்ணியப் படை’ என்ற இயக்கத்தின் ஏற்பாடு இது. 1936இல் பாப்பரசர் பதினோராம் பத்திநாதர் தமது சுற்றுமடலில் இதைப் புகழ்ந்து, மற்ற நாட்டு ஆயர்களும் பின்பற்றச் சொன்னார்.

படங்களைத் தரம் பிரித்தவர்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கக் கல்லூரிகளில் படித்த பெண்கள். எல்லாருக்கும் ஏற்றது, பெரியவர்களுக்கு மட்டும், ஓரளவு ஆட்சேபத்துக்குரியது, கண்டிக்கப்பட்டது என்பன வகைகள். மற்றவர்கள் பார்க்கக்கூடாததைத் தாங்கள் பார்த்துச் சொல்லும் வேலை. அவர்களுடைய ஆன்மாவைப் பற்றி யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை! ‘கண்டிக்கப்பட்டது’ என்ற முத்திரைக்கு ஹொலிவூட் நிறுவனங்கள் அஞ்சின. கோடிக்கணக்கான கத்தோலிக்கர் வராவிட்டால் கொட்டகை காலி. ஆகவே படம் வெளிவருமுன்பே வசனத்தை மாற்றினார்கள், காட்சிகளை வெட்டினார்கள். சத்தியம் செய்தவரோ செய்யாதவரோ, எல்லாருக்கும் கிடைத்தது அந்த வெட்டிய படம்தான்.

வெளிநாட்டுப் படங்கள் இந்தப் பிடிக்குள் எளிதில் வரவில்லை. ரொபேர்ட்டோ ரொசெலினியின் ‘அற்புதம்’ என்ற குறும்படம் 1950 டிசம்பரில் நியூயோர்க்கில் திரையிடப்பட்டது. ஆடு மேய்க்கும் ஒரு பேதைப் பெண், வழிப்போக்கன் ஒருவனைப் புனித சூசையப்பர் என்று நம்பிக் கர்ப்பமாகிறாள். ஊர் அவளை எள்ளி நகையாடுகிறது. மலைமேல் உள்ள ஒரு கோவிலில் தனியே பிள்ளை பெறுகிறாள். அந்தப் பெண்ணாக நடித்தவர் அன்னா மஞ்ஞானி. இத்தாலியில் தடையின்றி ஓடிய படம் இது. நியூயோர்க்கில் கர்தினால் ஸ்பெல்மன் கண்டனம் தெரிவித்தார். கொட்டகை வாசலில் மறியல் நடந்தது. 1951 பெப்ரவரியில் மாநிலம் உரிமத்தைப் பறித்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1952இல் நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள்: சினிமாவும் பேச்சுரிமைக்குள் அடங்கும், தெய்வநிந்தனை என்று சொல்லி அரசு அதைத் தடுக்க முடியாது. திரைத் தணிக்கையை எதிர்த்தவர்களுக்கு இதைவிடப் பெரிய உதவியை வேறு யாரும் செய்திருக்க முடியாது.

1956இல் கர்தினால் மறுபடியும் பிரசங்க மேடை ஏறினார். இம்முறை எலியா கசானின் ‘பேபி டோல்’. அந்தப் படத்தை அவர் பார்த்திருக்கவில்லை.

என்னை உறுத்துவது இந்த இடம். ஒன்றைப் பார்க்காமல் விலகுவது ஒருவர் தமக்கு வகுத்துக்கொள்ளும் நோன்பு. அம்மம்மாவுடையது அந்த வகை. பார்க்காமலே மற்றவருக்குத் தீர்ப்பு எழுதுவது வேறு. கைத்தொலைபேசியில் பிள்ளை என்ன பார்க்கிறது என்று அறியாமலே அதைப் பறித்து வைக்கும் நானும் இரண்டாவது வகையில்தான் சேருவேன் போலிருக்கிறது.

றோமாபுரி மெல்ல மாறியது. 1957இல் பன்னிரண்டாம் பத்திநாதரின் சுற்றுமடல், திரைப்படம், வானொலி, தொலைக்காட்சி மூன்றையும் பகுத்தறிந்து பார்க்க மக்களைப் பழக்கும்படி கேட்டது. கண்ணியப் படையும் வயது வந்தோருக்குப் புதிய வகைகளைச் சேர்த்தது. 1965இல் பெயரையே மாற்றிக்கொண்டது. சத்தியம் சொல்லும் வழக்கமும் அந்தப் பத்தாண்டோடு தேய்ந்துபோயிற்று.

சினிமாவின் நூற்றாண்டுக்காக 1995இல் வத்திக்கான் 45 படங்களின் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. பார்க்கவேண்டிய படங்களின் பட்டியல். ரொசெலினியின் படங்கள் இரண்டு அதில் இருக்கின்றன: ஒன்று ‘றோம், திறந்த நகரம்’, மற்றது புனித பிரான்சிஸ் பற்றியது. ‘அற்புதம்’ இல்லை.