மில்லினியல் ஊழியர்களின் பணியிட மதிப்பீடு

அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 1981 முதல் 1996 வரை பிறந்தவர்களை மில்லினியல் தலைமுறை என்று வரையறுக்கிறது. 2016இல் அந்நாட்டு உழைப்பாளர்களில் இவர்களே மிகப் பெரிய பிரிவாயினர். ஓர் அலுவலகத்தின் குணத்தை அங்கே வேலை பார்ப்பவர்களிடமே கேட்டு மதிப்பெண்ணாக்கும் வழக்கம் இவர்கள் காலத்தில் பெருந்தொழிலாக வளர்ந்தது.

இதன் வேர் சற்று முந்தியது. ராபர்ட் லெவரிங், மில்டன் மாஸ்கோவிட்ஸ் என்ற பத்திரிகையாளர்கள் மைக்கேல் காட்ஸுடன் சேர்ந்து, வேலை செய்யச் சிறந்த 100 அமெரிக்க நிறுவனங்களைப் பற்றி 1984இல் நூல் எழுதினர். லெவரிங் பின்னர், பணியிடங்களை மதிப்பிடும் கிரேட் பிளேஸ் டு ஒர்க் நிறுவனத்தின் தோற்றத்திலும் பங்கேற்றார். ஃபார்ச்சூன் இதழ் 1998 முதல் அந்நிறுவனத்துடன் இணைந்து ஆண்டுப் பட்டியல் வெளியிடுகிறது. 2015இல் மில்லினியல்களுக்கென்று தனிப் பட்டியலும் வந்தது.

கிரேட் பிளேஸ் டு ஒர்க்கின் வினாத்தாளில் சுமார் 60 கூற்றுகள் உண்டு. ஒவ்வொன்றும் எந்த அளவுக்கு உண்மை என்று ஊழியர் ஐந்து படிகளில் குறிக்க வேண்டும். நம்பகத்தன்மை, மதிப்பு, நியாயம், பெருமிதம், தோழமை என்பன ஐந்து தலைப்புகள். முதல் மூன்றும் நிர்வாகத்துடனான உறவைப் பற்றியவை. ஆளெடுப்பு விளம்பரங்களில் தவறாமல் தலைகாட்டும் இலவசச் சாப்பாட்டுக்கும் டேபிள் டென்னிஸ் மேசைக்கும் தனித் தலைப்பு இல்லை என்பது கவனிக்கத்தக்கது. ஊழியர்கள் முதலில் எடைபோடுவது மேலதிகாரியைத்தான். குழுவுக்குக் குழு பணி ஈடுபாடு வேறுபடுவதில் குறைந்தது 70 விழுக்காடு மேலாளரைச் சார்ந்தது என்று கேலப் ஆய்வு நிறுவனம் 2015இல் கணித்தது.

ஊழியர்கள் தம் நிறுவனத்தை மதிப்பிடும் கிளாஸ்டோர் இணையதளம் 2008இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது; அங்கே எழுத நிர்வாகத்தின் அனுமதி தேவையில்லை. பெயர் வெளியிடாமல் ஒன்று முதல் ஐந்து நட்சத்திரம் வரை வழங்கலாம். பிறர் எழுதியதை முழுதாகப் படிக்கத் தாமும் ஏதேனும் எழுதித் தர வேண்டும். மனக்குறை உள்ளவர்கள் மட்டுமே எழுத வருவதைத் தடுக்க இந்தப் பண்டமாற்று ஓரளவு உதவுகிறது. நிறுவனமே ஊழியர்களைத் தூண்டிவிட்டு எழுதவைப்பதை அது தடுக்கவில்லை: 400க்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்குத் தனியொரு மாதத்தில் மதிப்புரைகள் வழக்கத்துக்கு மாறாகக் குவிந்திருந்ததை வால் ஸ்ட்ரீட் ஜர்னல் 2019இல் வெளிக்கொணர்ந்தது.

மதிப்பெண்களைத் தலைமுறைவாரியாகப் பிரிப்பதே பொருத்தமா என்பது நீடிக்கும் விவாதம். டேவிட் கோஸ்டன்சாவும் உடன் ஆய்வாளர்களும் முந்தைய ஆய்வுகளைத் தொகுத்து 2012இல் வெளியிட்ட பகுப்பாய்வில், பணி நிறைவிலும் நிறுவனப் பற்றிலும் தலைமுறை வேறுபாடு நடுத்தரமானது முதல் சிறியது வரை மட்டுமே, பல இடங்களில் ஏறக்குறைய இல்லவே இல்லை என்று தெரிந்தது. இளைய ஊழியரின் பொறுமையின்மை எனப்படுவது பெரும்பாலும் வயதின் இயல்பு. 1981இல் பிறந்தவர் இன்று பல இடங்களில் மதிப்பெண் வாங்கும் மேலாளர். பணியாளர் நிர்வாகத்தில் தலைமுறைப் பிரிவுகளைத் தவிர்க்குமாறு அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகங்களின் குழு 2020இல் பரிந்துரைத்தது. ஃபார்ச்சூனின் மில்லினியல் பட்டியல் அதன் பிறகும் வெளிவந்தது.